டீ நதிக்கரையில் இரண்டு கற்கள்

ஸ்காட்லாந்தில் ஓடும் ஒரு நதிக்கு 'டீ' என்று பெயர்! அதன் கரையில், அபர்டீன் நகரிலிருந்து சுமார் 40 கிலோ மீட்டரில் இருக்கிறது பொட்டார்க். அபர்டீனில் இருக்கும் என் பெண்தான், "அம்மா, உனக்குன்னே ஒரு இடம் காட்டறேன், வா" என்று அழைத்துப் போனாள்.

காரணம் உண்டு. முதுகுக்குப் பலம் சேர்க்க நான் ஜிம்முக்குப் போய் வருகிறேன். (இந்த வயசிலா என்று சிரிக்காதீர்கள்!) தரையிலிருந்து எடை தூக்கும்போது முதுகு 'இன்னும் முடியும்' என்னும், விரல்களோ நழுவவிடும். 20 கிலோவோடு நின்றுபோனேன். சொல்லித் தரும் பெண் 'ஸ்ட்ராப்' கொடுத்தாள். கெட்டியான பருத்திப் பட்டை. ஒரு முனையை மணிக்கட்டில் மாட்டி, மறுமுனையைக் கம்பியில் சுற்றிப் பிடிக்க வேண்டும். எனக்கு ரோஷம். "கட்டிக்கிட்டுத் தூக்கினா அது என் பலமா?" என்று ஒதுக்கிவிட்டேன்.

பேத்திக்கு மூன்று வயசு, 14 கிலோ. "பாட்டி, தூக்கு" என்று கை நீட்டினால் பயந்து விலகினேன். அதுதான் என் பெண்ணுக்கு வருத்தம்.

பொட்டார்க்கில் பழைய கல் பாலத்தின் அருகே, இரும்பு வளையம் பொருத்திய இரண்டு கருங்கற்கள். இரண்டும் சேர்ந்து 332 கிலோ! ஆறு அரிசி மூட்டைக்கும் மேல். 1860-ல் டொனால்ட் டின்னி என்ற பலசாலி, கைக்கு ஒன்றாக இவற்றைப் பாலத்தின் குறுக்கே சுமந்தாராம். வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன். இவ்வளவு பாரத்துக்கு இவ்வளவுதானா பிடி!

பெண்களில் முதலில் தூக்கியவர் அமெரிக்காவின் ஜான் டாட், 1979-ல். ஸ்ட்ராப் கட்டித்தான் தூக்கினார். வெறுங்கையால் தூக்கியவர் எம்மாஜேன் ஸ்மித், 2019-ல். இரண்டு விதத்தையும் தனித்தனியாகக் கணக்கு வைக்கிறார்கள்.

"பாத்தியாம்மா? பட்டை கட்டினதால ஜான் டாட்டோட முதுகு பலம் பொய்யாயிடுமா?" என்றாள் பெண். எனக்குப் பதில் வரவில்லை.

ஊர் திரும்பியதும் நானே ஸ்ட்ராப்பைக் கேட்டு வாங்கினேன். முறை இதுதான்: முதல் சுற்றுகள் வெறுங்கையால். கை வேர்த்தால் மக்னீசியம் கார்பனேட் பொடி தேய்த்துக்கொள்ளலாம். பிடி தளரும் கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஸ்ட்ராப். எப்போதும் கட்டிக்கொண்டால் கைப்பிடி பலப்படாது. இன்னொன்று: ஸ்ட்ராப் பிடிக்குத்தான் துணை, முதுகுக்குக் காவல் அல்ல. முதுகு வளைகிறதா, எடையைக் குறையுங்கள். முதுகுவலி உள்ளவர்களும் பிள்ளை பெற்றவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

இப்போது 30 கிலோ தூக்குகிறேன். கோடை விடுமுறைக்குப் பேத்தி வருகிறாள். அவளை ஸ்ட்ராப் கட்டித் தூக்க முடியாதே! அதனால்தான் அந்த முதல் சுற்றுகளை வெறுங்கையால் விடாமல் செய்கிறேன்.