அடையாறில் கற்ற கணக்கு

அடையாறு ஆலமரத்தடியில் நின்றபோது, முந்தின நாள் கழித்தல் கணக்குக்காக மகளை அடித்தது மனசை உறுத்தியது. இதே பிரம்மஞான சபைக்கு 1939-ல் வந்துதான் மரியா மாண்டிசோரி அம்மையார் நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அவர் முறையில் ஒன்று என்பது ஒரு மணி, பத்து என்பது கம்பியில் கோத்த பத்து மணி, நூறு, சதுரம், ஆயிரம், கனசதுரம். எழுத்தும் அப்படித்தான். உப்புத்தாளில் வெட்டி ஒட்டியதை விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகுவார்கள்.

மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பியதும் ஈர்க்குச்சிகளை ஒடித்துப் பத்துப் பத்தாகக் கட்டினேன். 32-க்கு மூன்று கட்டு, இரண்டு உதிரி. "ஏழு எடு" என்றேன்.

"ஒரு கட்டைப் பிரிச்சாத்தானேம்மா முடியும்?" என்றாள். பிரித்தாள், மிச்சம் 25!

அடிக்கு வராத கணக்கு, குச்சிக்கு வந்துவிட்டது. நீங்களும் செய்து பாருங்களேன்!