யானைக்குப் பின்னால் ஒரு கொக்கு, டிராக்டருக்குப் பின்னால் ஒரு கொக்கு

உத்திரமேரூர் வட்டாரத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஆப்பிரிக்காவில் சஃபாரி போய்ப் பறவைகளைப் படம் பிடிப்பதை டி.வி.யில் காட்டுகிறார்கள். லட்சக்கணக்கில் செலவு செய்து பார்க்க அதில் என்ன இருக்கிறது? விவசாயிக்குப் பறவையால் என்ன பயன்?" கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் அடங்காது என்பதால் தனியாக எழுதுகிறேன்.

கென்யாவின் மசாய் மாரா புல்வெளியில் யானை, காட்டெருமைகளின் காலடியில் வெள்ளைக் கொக்குகள் கூடவே நடக்கும். விலங்கு புல்லை மிதிக்கும்போது எழும்பும் வெட்டுக்கிளியைப் பிடிக்கத்தான். நம் ஊரில் மாட்டுக்கும் டிராக்டருக்கும் பின்னால் வருகிற உண்ணிக்கொக்கு அதற்கு நெருங்கிய உறவு. அங்கே காசு கொடுத்துப் பார்க்கும் காட்சி, சேடை ஓட்டும் நாளில் நம் வயலிலேயே கிடைக்கிறது.

திருமுக்கூடலிலிருந்தே தொடங்கலாம். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுமிடம். வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு உண்டு; 15 படுக்கைகளோடு ஆதுலர்சாலை நடந்ததை அது சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஆற்றுக்கு வாருங்கள். ஆண்டில் பாதி நாள் வெறும் மணல்தான். ஆனாலும் ஆள்காட்டி 'டிட்-டி-டூயிட்' என்று கத்தும். அது கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில் கூழாங்கல் நிறத்தில் முட்டை இடும். தலைக்கு மேல் கத்திக்கொண்டே வட்டமடித்தால் காலடியைப் பார்த்து நடந்து, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அங்கிருந்து உத்திரமேரூர் வழியாக வேடந்தாங்கல். பார்க்கப் போவது பறவை என்றாலும், விவசாயி கவனிக்க வேண்டியது அந்த ஏரித் தண்ணீரை. சுமார் 30 ஹெக்டேர் ஏரி. உள்ளே நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீரில் நிற்கின்றன. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் அந்த மரங்களில் கூடு வைக்கின்றன. சுற்று வட்டார ஏரியிலும் வயலிலும் மீன், நத்தை, தவளை தின்றுவிட்டு வந்து இங்கே எச்சமிடுகின்றன. பல கிராமங்களின் தழைச்சத்தும் மணிச்சத்தும் பறந்து வந்து ஒரே ஏரியில் கரைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு விவசாயிகள் இந்தத் தண்ணீரை உரத் தண்ணீராகவே மதிக்கிறார்கள்.

அதனால்தான் காவலும் அவர்களிடமிருந்தே தொடங்கியது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் வாங்கினார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காத வழக்கம் இன்றும் உண்டு. 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பட்டியல் பெருமைதான், ஆனால் என் மனதில் பெரியது அந்தக் கவுல்.

நத்தைகுத்தியின் அலகைக் கவனியுங்கள். நடுவில் இடைவெளி தெரியும், மூடினாலும் மூடாது. வழுக்கும் நத்தையைக் கையாள அமைந்த அலகு அது. இதன் கறுப்பு நிறச் சொந்தம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. நம்முடையது நெல் வயலில் இறங்கி நத்தையைப் பொறுக்கிக் குஞ்சுக்குக் கொண்டுபோகிறது. வயலில் நாம் போட்ட விஷமும் கூடவே போகும். போரேட் குருணைக்கு 2020 டிசம்பரோடு தடை வந்துவிட்டது. இன்னமும் "பழைய பாக்கெட் இருக்கிறது, போடலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. போடக் கூடாது.

எல்லாப் பறவையும் நண்பன் என்று சொல்ல மாட்டேன். மயில் வேர்க்கடலையைக் கிளறுகிற வேதனை எனக்குத் தெரியும். மினுக்கும் நாடா கட்டினால் பத்து நாள் பயப்படும், பிறகு பழகிவிடும்; நாடாவை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விஷம் வைப்பது சட்டப்படி குற்றம். ஆப்பிரிக்க விவசாயிக்கும் இதே பாடுதான். க்வீலியா என்ற சிறு குருவி லட்சக்கணக்கில் இறங்கிச் சோளத்தையும் கம்பையும் காலி செய்துவிடும். சஃபாரிப் படத்தில் அதைக் காட்டுவது குறைவு.

பூச்சி பிடிக்கக் கரிச்சான் வேண்டுமென்றால் ஏக்கருக்கு 20 இடத்தில் 'டி' வடிவக் குச்சி நடுங்கள். பயிரை விட ஓரடி உயரம் இருக்கட்டும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் தானியம் தின்னும் குருவிக்கும் அதுவே திண்ணை.

படம் எடுக்கப் பெரிய கேமரா தேவையில்லை. காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையில் அசையாமல் நில்லுங்கள். இரவல் பைனாகுலர் கிடைத்தால் அதன் கண்ணாடியில் செல்போனை ஒட்டி வைத்தே எடுக்கலாம். கை நடுங்காமல் இருக்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கூட்டை நெருங்கவே வேண்டாம்: தாய் எழுந்து போன சில நிமிடங்களில் குஞ்சை வெயிலோ காக்கையோ முடித்துவிடும். மழை பெய்து ஏரி நிரம்பிய ஆண்டில் நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல சமயம். தை அறுவடைக்கு முன் ஒரு ஞாயிறு பிள்ளைகளோடு போய் வரலாம். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், பிளாஸ்டிக் பையைத் திருப்பி எடுத்து வாருங்கள்.