வேஷமும் பகடையும்

ரஸ்கோல்நிகாவ் கோடரியை ஓங்கும்போது வாசகன் பதறலாம். கையைப் பிடித்து நிறுத்த முடியாது. நிறுத்த முடியாதவன் என்பதாலேயே அவன் கைகளில் ரத்தம் படிவதில்லை. நாவல் தருகிற பெரிய அநுபவங்களுக்கு அடியில் இந்தச் சலுகை எப்போதும் இருந்துகொண்டிருக்கிறது. இன்னொருவனாக வாழ்ந்து பார்க்கிறோம். பொறுப்பு மட்டும் நம்முடையதாவதில்லை. கூத்தில் வேஷம் கட்டுகிறவன் நிலை சற்று வேறு. உடம்பு அவனுடையது, வியர்வை அவனுடையது. ஆனாலும் பதினெட்டாம் போரில் துரியோதனன் விழுந்தே ஆகவேண்டும். கட்டியங்காரன் எவ்வளவு கேலி பேசினாலும் விடிவதற்குள் அது நடந்துவிடும்.

ஆர்.பி.ஜி. என்று சுருக்கிச் சொல்லப்படும் வீடியோ கேம் வகை இந்த இரண்டு எல்லைகளையும் தாண்டிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறது. ரோல் பிளேயிங் கேம். வேஷம் கட்டி ஆடும் ஆட்டம். கோடரி இதோ, ஓங்குவதும் கீழே போடுவதும் உன் இஷ்டம் என்கிறது. இந்த உரிமை நிஜமானதுதானா? நிஜம் என்றால் நாவலாசிரியர்கள் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். பாவனை என்றால், அது எந்த வகையான பாவனை என்று பார்க்க வேண்டும்.

நான் இதில் தேர்ந்தவன் இல்லை. கடந்த இரண்டு வருஷங்களில், இரவு பத்து மணிக்கு மேல் கிடைக்கிற ஒரு மணி நேரத்தில், அதுவும் வாரத்துக்கு மூன்று நான்கு நாட்கள், சில புதிய ஆட்டங்களை ஆடிப் பார்த்தேன். சிலவற்றை முடித்தேன், சிலவற்றைப் பாதியில் விட்டேன். இருநூறு மணி நேரம் ஆடி, எந்தக் கத்தி எந்தக் கவசத்தைத் துளைக்கும் என்று கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகளால் பிரயோஜனம் இல்லை. என் சிரத்தை வேறு இடத்தில் இருந்தது.

2

1974இல் அமெரிக்காவில் காரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தின் விதிகளை வெளியிட்டார்கள். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதைசொல்லி, அவரே நடுவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஆறு குணங்கள், ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு எண்: பலம் 14, அறிவு 9 என்ற மாதிரி. நினைத்த காரியம் கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும். பிறகு நடுவரின் நாற்காலியில் கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டது. 1986இல் ஜப்பானில் யூஜி ஹோரி 'டிராகன் குவெஸ்ட்' செய்தபோது, இந்த வகை அங்கே சாதாரண வீடுகளின் டெலிவிஷன் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

மனிதனை எண்களாக ஆக்குவது என்று கேட்டதும் நமக்குள் ஒரு கசப்பு எழுவது இயற்கை. வெறும் எண் என்றால் அது அலுவலகப் பதிவேடுதான். பகடை வந்து சேர்ந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. நம் பரமபதப் படத்தில் ஏணி புண்ணியம், பாம்பு பாவம். எதில் போய் நிற்கிறோம் என்பது தாயக்கட்டையின் கையில். அங்கே குணம் கட்டத்தில் வரையப்பட்டிருக்கிறது, ஆடுகிறவனிடம் ஒன்றும் கிடையாது. இவர்கள் குணத்தை எடுத்து ஆளிடம் கொடுத்தார்கள், பகடையையும் விட்டுவைத்தார்கள். குணமும் தற்செயலும் முட்டிக்கொள்கிற அந்த இடம் நாடகாசிரியனுக்குப் பழக்கமான இடம்தான்.

3

பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து லாரியன் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' இந்த மரபின் நேர் வாரிசு. மண்டைக்குள் ஒரு புழு வைக்கப்பட்ட மனிதனாக ஆட்டத்தைத் தொடங்குகிறோம். ஒருவரைச் சம்மதிக்க வைக்க வேண்டுமென்றால் இருபது முகப் பகடை திரையின் நடுவில் உருள்கிறது. எத்தனை திறமைசாலியானாலும் 1 விழுந்தால் தோல்விதான். முதல் பத்து மணி நேரம் எனக்குப் பிரமிப்பாகவே இருந்தது. ஒரு கதவென்றால் அதைத் திறக்க ஐந்து வழிகள்: சாவி, பேச்சு, மந்திரம், கடப்பாரை, கூரை.

பிறகு ஒரு அலுப்பு. கூட வருகிறவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒரு சொல் சொன்னால், இன்னார் இதை ஆமோதிக்கிறார், இன்னார் ஆமோதிக்கவில்லை என்று திரையின் ஓரத்தில் எழுத்து ஓடுகிறது. நட்புக்கு மார்க் போடுகிறார்கள். நிஜ வாழ்க்கையில் மனிதன் தன் சிநேகிதனுக்கு எங்கே வலித்தது என்று வருஷக் கணக்கில் தெரியாமல் இருக்கிறான். அந்தத் தெரியாமையில்தான் சிநேகம் வளர்கிறது, அழுகவும் செய்கிறது. இங்கே உடனுக்குடன் ரசீது வந்துவிடுகிறது.

இதைவிட ஆதாரமான விஷயம் ஒன்று உண்டு. பகடை சாதகமாக விழாவிட்டால், கொஞ்சம் முன்னால் சேவ் செய்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் உருட்டலாம். வேண்டிய எண் விழும்வரை உருட்டலாம். அப்போது தேர்ந்தெடுக்கப்படுவது செயல் இல்லை, விளைவு. விளைவைத் தேர்ந்தெடுக்க முடிகிறவனுக்கு ஒழுக்கம் என்ற பிரச்னையே எழாது. செய்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது: வெளியான அதே வருஷம் நவம்பரில், ஒரே ஒரு சேவ் மட்டும் அனுமதிக்கும் கடினமான முறையொன்றைச் சேர்த்தார்கள்.

இந்தப் பிரச்னையை நேருக்கு நேர் பார்த்தவர் டோபி ஃபாக்ஸ். 2015இல் அவர் வெளியிட்ட 'அண்டர்டேல்' பார்வைக்குப் பழைய, சின்னப் பொம்மை ஆட்டம். ஆரம்பத்தில் நம்மிடம் தாயைப் போல அன்பு காட்டும் ஒரு ஜீவனைக் கொன்றுவிட்டு, மனம் பொறாமல் பின்னால் போய் இந்த முறை விட்டுவிட்டால், வெளியே ஒரு பூ காத்திருக்கிறது. நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்கிறது. செய்ததை அழிக்கலாம், செய்தாய் என்பதை அழிக்க முடியாது. மூன்று மணி நேரத்துக்குள் ஒரு குழந்தைப் படம் போன்ற ஆட்டம் சொல்லிவிட்ட இதை, பெரிய செலவில் செய்யப்பட்டவை பல இன்னும் சொல்லவில்லை.

4

பிராகாவைச் சேர்ந்த வார்ஹார்ஸ் நிறுவனத்தின் 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' 2018இல் வந்தது, தொடர்ச்சி 2025இல். 1403ஆம் வருஷத்து போஹீமியா. ஹென்றி ஒரு கொல்லன் மகன். சிகிஸ்மண்டின் படை அவன் ஊரைக் கொளுத்துகிறது, பெற்றோரைக் கொல்கிறது. மந்திரம் இல்லை, டிராகன் இல்லை. ஆட்டத்தை நினைத்தபோது சேவ் செய்ய ஒரு சாராயப் புட்டி வேண்டும். அதற்குக் காசு வேண்டும். குடித்தால் போதை ஏறும். இல்லாவிட்டால் படுக்கை கிடைக்கும் இடம் வரை போக வேண்டும். திரும்பிப் போகும் வசதிக்கு ஒரு விலை வைத்ததனால், காட்டு வழியில் இரண்டு பேர் எதிரே வந்தால் எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஹென்றிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கின்றன. ஒவ்வொரு வார்த்தையும் ஏதோ ஒரு வார்த்தையைப் போல இருக்கிறது, எதுவாகவும் இல்லை. உஜிட்ஸ் என்ற கிராமத்தில் ஒரு எழுத்தர் இருக்கிறார். அவரிடம் காசு கொடுத்துப் பாடம் கேட்க வேண்டும். பாடம் கேட்ட பின்னும் எல்லாம் சரியாகிவிடுவதில்லை. படிக்கப் படிக்க எழுத்துகள் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்கின்றன.

எழுத்தறிவின்மை பற்றி எத்தனையோ கதைகள் படித்திருக்கிறோம். அவற்றையெல்லாம் எழுத்தறிந்தவன் கண்களால், தெளிவான எழுத்துகளில் படித்திருக்கிறோம். கைநாட்டு வைக்கிறவனைப் பற்றிய வாக்கியம் நமக்கு நன்றாகப் புரிகிறது. அந்தப் புரிதலே அவனை நம்மிடமிருந்து விலக்கிவிடுகிறது. இங்கே நாற்பது வருஷங்களாகப் படித்துக்கொண்டிருக்கும் என் கண்கள் ஒரு பக்கத்தின் முன் கையாலாகாமல் நின்றன. இது நாவலுக்கு வசப்படாத ஒன்று என்று ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது. நாவல் அதைச் சொல்லலாம். செய்து காட்டினால் நாவலே படிக்க முடியாமல் போய்விடும்.

2025இல் பிரான்ஸிலிருந்து வந்து பெரும் பாராட்டு வாங்கிய 'கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' பற்றி இரண்டு வரி. தூரத்தில் ஒரு பெண் வருஷம் ஒரு முறை ஒரு எண்ணை எழுதுகிறாள். அந்த வயதுக்காரர்கள் பூவிதழ்களாக உதிர்ந்து காற்றில் கரைகிறார்கள். ஆரம்ப அரை மணி நேரத்தின் துக்கம் அசலானது. அதன் பிறகு நான் செய்ய வேண்டியிருந்தது, எதிரியின் அடி விழும் கணத்தில் பொத்தானை அழுத்துவது. விரல் சுறுசுறுப்புக்கும் அந்தத் துக்கத்துக்கும் என்னால் முடிச்சுப்போட முடியவில்லை. முடிகிறவர்கள் இருக்கலாம்.

5

'டிஸ்கோ எலீசியம்' 2019இல் வந்தது. அதன் முதன்மை ஆசிரியர் ராபர்ட் குர்விட்ஸ் எஸ்தோனியாக்காரர். அவர் 2013இல் தன் மொழியில் ஒரு நாவல் எழுதினார். அதிகம் பேர் வாங்கவில்லை. சுமார் 13 லட்சம் பேர் உள்ள ஒரு தேசத்தில் இது ஆச்சரியமில்லை. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதை விளக்கவும் வேண்டாம். அந்த நாவலின் உலகத்தையே நண்பர்களோடு சேர்ந்து ஆட்டமாக்கினார், ஆங்கிலத்தில். பத்து லட்சம் வார்த்தைகளுக்குமேல் அதில் இருக்கின்றன. உலகம் முழுக்கப் படித்தது.

ஒரு போலீஸ்காரன் விடுதி அறையில் குடிமயக்கம் தெளிந்து எழுகிறான். பெயர் உட்பட எதுவும் ஞாபகம் இல்லை. உடம்பு மிக நொய்ந்ததாக இருந்தால், சுழலும் மின்விசிறியில் மாட்டியிருக்கும் டையை எட்டிப் பிடிக்கிற முயற்சியிலேயே மாரடைப்பு வந்து ஆட்டம் முடிந்துவிடலாம். விடுதிக்குப் பின்னால் மரத்தில் ஒரு பிணம் ஒரு வாரமாகத் தொங்குகிறது. துறைமுகத்தில் வேலைநிறுத்தம். கத்திச்சண்டை கிடையாது. எல்லாம் பேச்சு.

இங்கே எண்கள் பேசத் தொடங்குகின்றன. அவனுக்கு இருபத்து நான்கு திறன்கள். ஒவ்வொன்றும் மண்டைக்குள் ஒரு குரல். தர்க்கம் ஒன்று சொல்லும். பயம் குறுக்கே விழும். தகவல் களஞ்சியம் யாருக்கும் வேண்டாத சரித்திரத்தை ஒப்பிக்கும். போதைக்கு அலையும் ஒன்று எந்த மேஜையிலும் புட்டியைத்தான் பார்க்கும். ஒரு குரல் நகரத்தின் சிலிர்ப்பையே கேட்டுச் சொல்லும். ஒரு திறனுக்கு எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தக் குரல் ஓங்கி மற்றவற்றை அமுக்கிவிடுகிறது. அதிகாரக் குரல் வளர்ந்தால் அவன் காரணமில்லாமல் எல்லோர்மீதும் சீறுகிறான். அலுவலகப் பதிவேடு பிரக்ஞையின் வரைபடமாக மாறிவிட்டது. நனவோடை எழுத்தில் நாம் ஐம்பது வருஷமாகச் செய்துவந்த யத்தனங்களை யோசித்துப் பார்க்கிறேன். அவற்றில் பெரும்பாலும் ஒரே மனிதன் தனக்குள் முணுமுணுக்கிறான். ஒரு சபையே கூடிச் சச்சரவிடுவது அபூர்வம்.

பகடையில் தோற்றால் கதை நின்றுவிடுவதில்லை. தோல்வி வேறொரு வழியில், பெரும்பாலும் அவமானம் மிகுந்த வழியில், கதையை நகர்த்துகிறது. சிவப்பில் குறிக்கப்பட்ட முயற்சிகளை ஒரே தடவைதான் செய்து பார்க்கலாம். சேவ் செய்து திரும்பிப் போக இங்கும் வசதி உண்டு. எனக்குத் திரும்பிப் போகத் தோன்றவில்லை. அடுத்து எப்படிக் கேவலப்படப் போகிறான் என்பதில் ஒரு மனிதன் இருந்தான்.

இந்த ஆட்டத்தில், கொலை விசாரணைக்குச் சம்பந்தமில்லாத ஒரு கிளை இருக்கிறது. ஒரு தொழிலாளியின் மனைவியைச் சந்திக்கிறோம். கணவன் சில நாட்களாக வீட்டுக்கு வரவில்லை. அவளுக்குப் பெரிய கவலை இல்லை; குடித்துவிட்டு எங்கேயாவது கிடப்பான். பிற்பாடு கடலோர மரப்பாதையில் ஒரு உடல் கிடைக்கிறது. யாரும் கொல்லவில்லை, விழுந்து செத்திருக்கிறான். செய்தியைச் சொல்ல அவள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். வெற்றி இல்லை, பரிசு என்று சொல்லத் தக்கதும் இல்லை. கதவு திறந்தது. திரையின் ஓரத்தில் நான் சொல்லக்கூடிய வாக்கியங்கள் வரிசையாக வந்தன.

அவ்வளவும் ஆங்கிலத்தில். நல்ல வாக்கியங்கள்தாம், கண்ணியமாகவும் இருந்தன. நான் பேசாமல் இருந்தேன். எங்கள் பக்கத்தில் இறந்துவிட்டார் என்ற சொல்லை வாசலில் வைத்துச் சொல்வதில்லை. தவறிவிட்டார் என்பார்கள். அதையும் உடனே சொல்லமாட்டார்கள். உடம்புக்கு முடியவில்லை, உடனே புறப்படு என்பார்கள். கேட்கிறவளுக்குப் பாதி வழியில் தானாகத் தெரிந்துவிடும். அந்தப் பொய் இல்லாமல் ஒரு சாவுச் செய்தியைச் சொல்ல எனக்குத் தெரியாது. அது பட்டியலில் இல்லை. எஸ்தோனிய மொழியில் எழுதத் தொடங்கியவர் மனதிலும் இப்படி ஒன்று இருந்து, ஆங்கிலத்துக்கு வந்தபோது விட்டுப்போயிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

கோடரியை நம் கையில் கொடுத்துவிட்டதாகச் சொல்வது முழுக்க உண்மையில்லை. ஓங்கலாமா வேண்டாமா என்று கேட்கிறார்கள்; என்ன சொல்லிக்கொண்டு ஓங்குவது என்பதை எழுதியவர்கள் அவர்கள். ஆனால் அந்த வரிசையின் முன்னால் உட்கார்ந்து, இவற்றில் ஒன்றும் என்னுடையது இல்லை என்று உணர்ந்த அந்த நேரத்தில், அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நாவல் எதிலும் எந்தப் பாத்திரமும் அப்படி என் பதிலுக்காகக் காத்து நின்றதில்லை. கடைசியில் இரண்டாவது வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தேன்.