சர்க்கரை வேண்டாம் என்று சொன்ன பிறகு

ஐம்பதை நெருங்கும் பெண்ணின் உடம்பு அவளைக் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை. நேற்றுவரை சாப்பிட்ட அதே சோறு, அதே டீ, அதே பலகாரம்தான். ஆனால் ரவிக்கையைப் பிரித்துத் தைக்க உள்ளே துணி மிஞ்சுவதில்லை. மாடி ஏறினால் முட்டி முனகுகிறது. பாதி ராத்திரியில் உடம்பு குப்பென்று வேர்த்து எழுப்பிவிடுகிறது.

விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற பிள்ளைகளே, உங்களுக்கு இருபத்திரண்டு, இருபத்தைந்து வயது. இது நம் பேச்சு இல்லை என்று உங்களுக்குத் தோன்றும். உங்கள் வீட்டில் இந்த வயதில் ஒருத்தி இருக்கிறாள். அவளை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராவிட்டால் மாதவிடாய் நின்றுவிட்டதென்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். மேலை நாடுகளில் அது 51 வயதை ஒட்டி வருகிறது. நம் நாட்டிலோ சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், அதுவரை தொடையிலும் இடுப்பிலும் தங்கிய கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்கும். அந்த வயிற்றுக் கொழுப்புதான் நீரிழிவுக்கும் நெஞ்சு வலிக்கும் வழி திறப்பது. எடை கூடுவதற்கான முழுப் பழியையும் மாதவிடாய் நிற்பதன் மேல் போடுவது நியாயமில்லை. வயதோடு தசை குறைகிறது, ஓட்டமும் குறைகிறது. தூக்கம் கெட்ட உடம்பு மறுநாள் இனிப்பைத் தேடுகிறது.

என் மாமியார் காலத்தில் எங்கள் ஊர் மணிமங்கலம் ஏரித் தண்ணீரில் நடவு நட்ட பெண்களுக்கும் விலக்கு நின்றது. அவர்களில் தொந்தி வைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. காலை முதல் குனிந்து நிமிர்ந்த உடம்பு அது. இனிப்பு என்பது பொங்கலுக்கு ஒரு நாள், தீபாவளிக்கு ஒரு நாள், வெல்லம் போட்டது. அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பசியும் இருந்தது, பிரசவத்தில் சாவும் இருந்தது. எங்கள் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சாண்ட்ரோ கார் வெளிவந்தது. பிறகு ஒரகடம் எழுந்தது. நிலம் மனையானது, வீட்டில் பணம் புழங்கியது. பிள்ளைகள் படித்தார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் ஓய்வு கிடைத்த அதே வருஷங்களில்தான் சர்க்கரை டப்பாவுக்கு வேலை கூடிற்று.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். அதனால் சர்க்கரையையும் கணக்காகத்தான் பார்த்தேன். ஒரு டீஸ்பூன் ஐந்து கிராம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு டீ. ஆக 40 கிராம். மாதத்துக்கு 1,200 கிராம், வருஷத்துக்கு 14 கிலோவுக்கும் மேல். பலகாரம், பிஸ்கட், பாலில் கலக்கும் சத்து மாவு எதுவும் இதில் சேரவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வழிகாட்டுதலின்படி, நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. நம்மில் பலருக்கு அது மத்தியானத்துக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. அரிசிக்குப் பதிலாகச் சர்க்கரை வாங்கிக்கொள்ளச் சர்க்கரை அட்டை என்று தனியாக ஒரு ரேஷன் கார்டே வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது. பொங்கல் பரிசுப் பையிலும் அரிசியோடு சர்க்கரையும் கரும்பும்தான் வரும். இனிப்பு நமக்கு வெறும் ருசி இல்லை, மரியாதை. அதனால்தான் அதை விடுவது கடினம்.

சர்க்கரையை விடுவதென்று நான் முடிவு செய்ததும் முதல் சோதனை டீக்கடையில் வந்தது. எங்கள் பக்கத்துக் கடைகளில் மாஸ்டர் முதலில் கிளாஸில் சர்க்கரையைப் போட்டு, அதன் மேல் பாலை ஊற்றி, கடைசியில் டிகாக்ஷனை விடுவார். கை தானாக ஓடும். ஆகவே அவர் கிளாஸை எடுப்பதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். சொன்னேன். ஆனாலும் அடியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. "லைட்டாதாம்மா போட்டேன். வெறும் டீயை எப்படிம்மா குடிப்பீங்க?" என்றார். அவர் முகத்தில் இருந்தது இரக்கம். விரோதியிடம் வேண்டாம் என்று சொல்வது எளிது. இரக்கப்படுகிறவரிடம் சொல்லத்தான் நெஞ்சில் உறுதி வேண்டும். அந்த கிளாஸை அவரிடமே சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்து, இன்னொன்று கேட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு அவர் மறக்கவில்லை.

முதல் வாரம் தலை வலித்தது, வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். சில வாரங்களில் நாக்கு திரும்பிவிட்டது. வெறும் பாலில் ஒரு தித்திப்பு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. வதக்கிய வெங்காயம்கூட இனித்தது.

புலிகேசியின் படையை நரசிம்மவர்ம பல்லவன் முறியடித்த களம் என்று மணிமங்கலத்துக்கு வரலாற்றில் பெயர் உண்டு. அந்தப் போரை நான் பார்க்கவில்லை. ஆனால் இங்கே ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். "சுகர் வந்துடுச்சா?" என்று இலைக்கு இலை விசாரணை. இல்லை என்றால், "அப்புறம் என்ன, ஒரு கரண்டி" என்று வாளி திரும்பி வரும். டாக்டர் வேண்டாமென்றார் என்று பொய் சொல்லித் தப்பிக்கிறவர்கள் உண்டு. நான் அதைச் செய்ததில்லை. நோய் வந்தால்தான் ஒருத்தி தன் உடம்பைக் காத்துக்கொள்ளலாம் என்பது போல ஆகிவிடும் அது. வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இலையை மூடாமல், கையை மட்டும் குறுக்கே வைத்தால் போதும். கோயிலில் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கல் வேறு விஷயம். விரல் நுனியில் எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வேன். அதில் எனக்கு வைராக்கியம் கிடையாது.

பிறகு என் மருமகள், பாசத்தோடுதான், நாட்டுச் சர்க்கரை வாங்கி வந்தாள். வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், இது நல்லது என்று யாரோ சொன்னார்களாம். நிறம் மாறினால் கணக்கு மாறுமா? வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாவற்றிலும் கொஞ்சம் இரும்போ தாதுவோ இருக்கலாம். ஆனால் இடுப்புச் சுற்றளவுக்கு அவை எல்லாம் ஏறக்குறைய ஒரே சர்க்கரைதான். செயற்கை இனிப்பு மாத்திரையும் வழியல்ல. எடை குறைப்பதற்கு அதை நம்ப வேண்டாமென்று உலகச் சுகாதார நிறுவனமே 2023-இல் சொல்லிவிட்டது. என்னைக் கேட்டால், நாக்கு இனிப்பை மறப்பதே பெரிய லாபம். மாற்று இனிப்பு அதை மறக்கவிடாது.

எடை எப்படிக் குறைந்தது என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் சரசரவென்று இறங்கியது. பிறகு முள் அசையவே இல்லை. பல பெண்கள் விட்டுவிடுகிற இடம் இதுதான். இரண்டு மாதம் நாக்கைக் கட்டியும் பலனில்லையே என்று ஒரு மைசூர்பாகை எடுத்துவிடுவார்கள். உண்மை என்னவென்றால், சர்க்கரையை விடுவது மட்டும் ஓரளவுக்குத்தான் கொண்டுபோகும். அதற்கு மேல் சோற்றைக் குறைத்து, பயறும் முட்டையும் கூட்டி, ஏரிக்கரையில் நடக்க வேண்டியிருந்தது. தசை கரையாமல் இருக்க இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கினேன். பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். எடை ஐந்தாறு கிலோ குறைய ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. ஆனால் முள் அசையாத மாதங்களிலும் இடுப்பு இறங்கிக்கொண்டிருந்தது. பாவாடை நாடா அதை முன்பே சொன்னது.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமில்லை. நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்து, சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் கொழுப்பையும் குறைத்து, நடையைக் கூட்டியவர்களில் நீரிழிவுக்குள் விழுந்தவர்கள் ஏறக்குறைய 39 சதவீதம். எதையும் மாற்றாதவர்களில் 55 சதவீதம். அதில் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும்: பலன் கண்டவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. முள்ளுக்குத் தெரியாமலும் உள்ளே நன்மை நடக்கும். நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது. முள் அசையாவிட்டாலும் விடாமல் இருக்கும் பொறுமைக்கு மதிப்பு உண்டு.

நைட் ஷிப்டில் கண் சொக்கும்போது கேன்டீன் டீயில் கூடுதலாக ஒரு ஸ்பூன் போட்டுக்கொள்வீர்கள். எனக்குத் தெரியும். அதை இப்போதே நிறுத்தச் சொல்ல மாட்டேன். அரை ஸ்பூனாகக் குறைத்துப் பழகுங்கள். இருபது வருஷம் கழித்து விடுவதற்கு அவ்வளவு பாக்கி இருக்காது.

உங்கள் அம்மா விட நினைத்தால், தடுக்காமல் இருங்கள். "ஒரு நாளைக்கு என்னம்மா ஆகிவிடும்" என்று ஜிலேபியை வாயில் திணிக்காதீர்கள். டீ போடும்போது அவள் டம்ளரைத் தனியாக எடுத்து வையுங்கள். இஞ்ச் டேப்பைத் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே சுற்றி, மூச்சை விடச் சொல்லி அளந்து பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனம் வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அன்றைக்கு அவள் அடுப்படியில் ஒளிந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீரிழிவுக்கு ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ எடுப்பவளாக இருந்தால், உணவை மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லட்டும். சாப்பாட்டைக் குறைத்து மருந்தைக் குறைக்காவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். எந்த முயற்சியும் இல்லாமல் எடை தானாகக் குறைகிறதென்றால், அதைக் கண்டு மகிழாமல் மறுநாளே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.