நீர்நாயும் நிழற்படமும்

பொழுதுபோக்கு என்னும் சொல்லைச் சற்றுத் தாழ்வாகவே ஆளுவது நம்மவர் வழக்கம். ஆயின், ஞாயிற்றுக்கிழமை உறக்கத்தைத் துறந்து, கனத்த கேமராவைத் தோளிற் சுமந்து, இருள் பிரியுமுன்னரே சுங்கை பூலோச் சதுப்பு நிலத்திலும் காலாங் ஆற்றங்கரையிலும் காத்துக் கிடக்கும் சிங்கப்பூர் நிழற்பட ஆர்வலர்க்கு அச்சொல் பொருந்துமா? அவர்களுள் எழுத்தர் உளர். ஓய்வு பெற்றோர் உளர். என் பழைய மாணவர் ஒருவரும் உளர். ஊதியம் எதுவுமில்லை. எடுத்த படத்தைப் பிறர்க்குக் காட்டி மகிழ்வதே அவர்கள் பெறும் பயன். (படத்துக்காகப் பறவைக் கூட்டை நெருங்கித் தொல்லை தருவாரும் உண்டு, அவரைப் பற்றி நான் பேசவில்லை.)

அம்மாணவர் ஒருமுறை தம் படங்களுடன் எங்கள் தமிழ் வகுப்புக்கு வந்தார். பீஷான் – அங் மோ கியோ பூங்காவில், நீர்நாய்க் குடும்பமொன்று மீனைக் கடித்துத் தின்னும் காட்சி. "ஆட்டர்! ஆட்டர்!" என்று பிள்ளைகள் ஆரவாரித்தனர். குறுந்தொகையில் வாளைமீனை இரையாகப் பெறும் நீர்நாய் இதுதான் என்றேன். வகுப்பு அடங்கிற்று.

"அது உண்மையான விலங்கா ஐயா? புலவர்கள் கற்பனை செய்தது என்றல்லவா நினைத்தேன்!" என்றாள் ஒரு மாணவி.

அசுணத்தோடு நீர்நாயையும் அவள் சேர்த்துவிட்டிருந்தாள். அவளைக் குறை கூற இயலாது. பார்த்த விலங்குக்கு அவளிடம் ஆங்கிலப் பெயர் இருந்தது. படித்த பெயருக்கு விலங்கு இல்லை. 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் தூய்மை செய்தார்கள். 1990களில் நீர்நாய்கள் இத்தீவில் மீண்டும் தென்படலாயின. பீஷானில் கான்கிரீட் கால்வாயாக ஓடிய காலாங் ஆறு, 2012இல் கரை வளைந்த இயற்கை ஆறாக மாற்றப்பட்டது. விலங்கு திரும்பி வந்துவிட்டது. அதன் தமிழ்ப்பெயர் மட்டும் பாடநூலிலேயே தங்கிவிட்டது.

இவ்விரண்டையும் ஒருங்கே போற்றிய ஒருவரை இங்கு நினையாதிருக்க முடியவில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். உதிரி உறுப்புகளை இணைத்துத் தமக்கெனக் கேமரா அமைத்துக் கொண்டவர். ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற அவர், தமிழிலும் எழுதினார். அக்கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் தொகுப்பாக நமக்குக் கிடைக்கின்றன. தமிழாசிரியர் ஒவ்வொருவர் மேசையிலும் அந்நூல் இருத்தல் வேண்டும் என்பேன்.

விலங்கின் நிலை இதுவெனின், விண்மீனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 2016இல் வெளியான உலக ஒளிமாசு ஆய்வு, இரவு வானம் மிகுதியாக வெளிறிய நாடு சிங்கப்பூரே என்றது. தீபாவளி விளக்குகள் ஒளிரும் சிராங்கூன் சாலையில் நின்று அண்ணாந்து பார்க்கும் சிறுவனுக்குப் பால்வீதி என்பது வெறும் சொல். என் மாணவர் அதைப் படமெடுக்க ஜொகூரின் மெர்சிங் கடற்கரைக்குச் செல்கிறார். கேமரா நெடுநேரம் ஒளியைத் திரட்டுவதால், கண்ணுக்குப் புலனாகாத நிறங்களும் படத்தில் விழுகின்றன. அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியே படத்தைக் காட்டுதல் முறை. ஆனால் சிவந்த ஆதிரையைக் காண மெர்சிங் செல்ல வேண்டியதில்லை. மேகமற்ற மார்கழி இரவில், வீவக அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் மேல்தளத்திலிருந்தே காணலாம். எட்டுப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன், கண்டார்கள்.

இப்போது அம்மாணவர் ஆங்கிலப் பெயரை நீக்கி, கீழே வெற்றிடம் விட்டுப் படங்களை அனுப்புகிறார். பெயரிடுவது வகுப்பின் வேலை. புலாவ் உபினில் எடுத்த படத்துக்கு 'இருவாச்சி' என்று உடனே எழுதினர். 19ஆம் நூற்றாண்டிலேயே இத்தீவில் அற்றுப்போய், 1994இல் உபினில் மீண்டும் காணப்பட்ட பறவை அது. சென்ற வாரம் வந்தது, நம் வீட்டோர மரங்களில் வாழும் மஞ்சள் பறவை. மாங்குயில் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கண்ணருகிலிருந்து பின்கழுத்து வரை ஓடும் கரும்பட்டையைப் பெயரில் சேர்க்கவேண்டும் என்றான் ஒருவன். 'கருங்கழுத்து மாங்குயில்' என்று எழுதினான். கழுத்து முழுவதும் கறுப்பில்லையே, 'கரும்பிடரி மாங்குயில்' என்பதே சரி என்று மறுத்தாள், நீர்நாயைக் கற்பனை என்றிருந்த அதே மாணவி. மணி அடித்த பின்னும் கழுத்தா பிடரியா என்னும் வழக்குத் தீரவில்லை.