தரிப்பிடம்

கண்டி நகருக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1867ஆம் ஆண்டில். ஆங்கிலேயர் இந்நாட்டுக்கு அளித்த கொடைகளின் பட்டியலில் புகையிரதப் பாதைக்கு முதலிடம் கொடுப்பது நம் பாடநூல்களின் வழக்கம். அக்கொடை யாருக்காக அளிக்கப்பட்டது என்ற வினாவுக்கு அந்நூல்களில் இடமில்லை. விடையோ கடினமானதன்று. கண்டி மலைகளில் விளைந்த கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு விரைவாக இறக்க வேண்டும் என்பதே தோட்ட முதலாளிகளின் தேவை. அதற்காகவே கடுகண்ணாவைப் பாறைகள் குடையப்பட்டன. கோப்பியைப் பறித்த கைகளோ மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை வரை கால்நடையாகவே வந்தன. காலராவும் பசியும் காய்ச்சலும் அவ்வழியெங்கும் பிணங்களை விதைத்தன. கோப்பி மூட்டைக்கு வண்டி கிடைத்த காலத்திலும் கூலிக்குக் கிடைத்தது நடைபாதைதான்.

1914இல் தலைமன்னார்ப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பற் சேவையும் தொடங்கியபின் இம்மக்களும் வண்டியேறினர். அன்று தொட்டு நம் தோட்டங்களில் அதற்குப் பெயர் ‘கோச்சி’. அவர்கள் பேச்சில் அச்சொல் வெறும் வாகனத்தின் பெயரன்று. வருகையும் பிரிவும் அதனுள் அடங்கியுள்ளன.

1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். அம்மாதம் முதலாம் நாள் டோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே உலகின் முதல் அதிவேகப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. உலக வங்கியிடம் கடன் பெற்று ஜப்பானியர் அதனை அமைத்தனர். நேர்கோட்டில் விரைய வேண்டிய பாதை பழைய நகர்களின் நடுவே நுழைய இயலாத இடங்களில், வயல்வெளிகளில் புதிய நிலையங்கள் எழுந்தன. பின்னர் அவற்றைச் சுற்றி நகரங்கள் வளர்ந்தன. வேகம் மனிதனின் வெற்றி என உலகம் கொண்டாடிற்று. அதே மாதம் முப்பதாம் நாள் புதுதில்லியில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மனிதர்கள் அன்று எண்களாயினர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பேசித் தீர்ப்பதற்கு. அவர்களில் ஒருவரிடமேனும் எங்கே வாழ விருப்பம் என்று எவரும் கேட்கவில்லை. மலையகத்து நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குக் கோச்சி புறப்பட்ட நாட்களில் மேடையில் எழுந்த ஓலத்தை எம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் தாழ்ந்த குரலிலேயே சொல்லுகின்றனர். ஒரு நாட்டில் கோச்சி மனிதனுக்குச் சிறகாயிற்று. இன்னொரு நாட்டில் அவனை வேரோடு பெயர்க்கும் கருவியாயிற்று. குற்றம் இரும்பின் மேலன்று. அதனை ஓட்டுவோர் யார், யாருக்காக ஓட்டுகின்றனர் என்பதே கேள்வி.

இந்தியாவுக்குப் போகாதவர்களையும் இந்நாடு நிம்மதியாக இருக்க விடவில்லை. 1977 ஆகஸ்டில் இனவன்செயல் மூண்டபோது தோட்டங்களைவிட்டு ஓடியவர்களிற் பெருந்தொகையினர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினர். ஆதலின் கிளிநொச்சி என்னும் சிறுநகர் கண்டி மக்களுக்கு அந்நிய ஊரன்று. அது அவர்களின் சிதறிய குடும்பத்தின் மறுபாதி. அவ்வூருக்குச் செல்லும் பாதையே 1990 ஜூனில் அறுந்தது. யாழ்தேவி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. இருபத்து மூன்று ஆண்டுகள் கிளிநொச்சி நிலையத்துக்கு வண்டி வரவில்லை.

போர் முடிந்தபின் இந்தியக் கடனுதவியுடன், இந்திய அரசின் இர்கோன் நிறுவனம் ஓமந்தையிலிருந்து காங்கேசன்துறை வரை ஏறத்தாழ 146 கிலோமீற்றர் பாதையைப் புதிதாக அமைத்தது. மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏற்ப வகுக்கப்பட்ட பாதை அது. ஜப்பானியர் அதனை அதிவேகம் என்று ஏற்கமாட்டார். ஆயின் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஊர்ந்து பழகிய நமக்கு அது அதிவேகமே. 2013 செப்டெம்பர் 14ஆம் நாள் கிளிநொச்சி நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. 2014 மார்ச்சில் பளைக்கும், அக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும் வண்டி சென்றது.

2018 ஆகஸ்ட் விடுமுறையில், எம்முடன் கற்பிக்கும் நண்பர் ஒருவருடன் நாம் அப்பாதையிற் சென்றோம். நண்பரின் பெரியம்மா 1977இல் கிளிநொச்சிக்கு ஓடிப்போனவர். கண்டியிலிருந்து பொல்காவலைக்கு இறங்கி அங்கே வடக்கு வண்டிக்கு மாறினோம். ஓமந்தை வரை பழைய பாதை; வண்டி குலுங்கிக் குலுங்கி நகர்ந்தது. ஓமந்தை தாண்டியதும் குலுக்கம் நின்றது. பற்றைக் காடுகள் பின்னோக்கி ஓடின. பெட்டியிலிருந்தோர் தம்மையறியாது நிமிர்ந்து அமர்ந்தனர். கிளிநொச்சியில் புதிய மேடையும் மும்மொழிப் பெயர்ப்பலகையும் எம்மை வரவேற்றன. செப்பமான கட்டடம்தான். போரில் நொறுங்கிய ஓர் ஊர் தன் பெயரை மறுபடியும் எழுதிவைத்திருக்கும் காட்சி எவர் நெஞ்சையும் தொடும்.

நண்பரின் பெரியம்மா வீட்டுக்குச் செல்ல, ஓட்டோவில் வெகுதூரம் திரும்பி வரவேண்டியிருந்தது. அவர் வீடோ தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். தேநீரை எம் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

“எழுவத்தேழுல ராவோட ராவா லொறியில ஓடியாந்தோம் சேர். கோச்சியில ஏறப் பயம். தங்கச்சி கண்டியில செத்தப்ப பாதையே இல்ல; முகத்தப் பாக்கக் குடுத்துவைக்கல. இப்பக் கோச்சி வந்திருச்சு, போய்ப் புள்ளைகளப் பாத்துட்டு வந்தேன். அது பெரிய காரியந்தான். ஆனா நம்ம தோட்டத்துல மெதுவா வரும், நின்னு நின்னு போகும். இது காத்து மாதிரிப் போகுது. இருக்குன்னு பாக்குறதுக்குள்ள இல்லாமப் போயிருது.”

பிறகு குரலைத் தாழ்த்தி, “விறகோட அந்தப் பக்கம் போறப்ப நெஞ்சு அடிச்சுக்கும்” என்றார்.

அவர் விறகுக்குப் போகும் வழி தண்டவாளத்தைக் கடக்கிறது. அங்கே கதவில்லை. குறுக்கே ஒரு கம்பும், தகரக் கொட்டிலில் ஓர் இளைஞனுமே காவல். இத்தகைய கடவைகளில் சொற்பக் கொடுப்பனவுக்கு அமர்த்தப்பட்ட காப்பாளர்கள் தமக்கு நிரந்தர நியமனம் கோரிப் பலமுறை போராடியதைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 120 கிலோமீற்றர் என்பது நொடிக்கு 33 மீற்றர். அரைக் கிலோமீற்றர் தொலைவில் வண்டி கண்ணிற்படுமாயின், கடப்பதற்கு உள்ள அவகாசம் பதினைந்து நொடி. எழுபது வயதில், தலையில் விறகுக் கட்டுடன், அந்தப் பதினைந்து நொடி அவருக்குப் போதுமா? வேகத்துக்குக் கடன் வாங்கிய நாடு, கடவைக் கதவையும் அதே கணக்கில் எழுதியிருத்தல் வேண்டும். கதவில்லாத வேகம் பாதி வேலையே.

நாம் வேகத்துக்குப் பகைவரல்லர். மாட்டுவண்டியின் காலத்தை ஏக்கத்தோடு பாடுவது முற்போக்காகாது. இருபத்து மூன்று ஆண்டு அறுந்த உறவை அந்த வண்டியே இணைத்தது. பெரியம்மாவே அதனை மறுக்கவில்லை. பின்னர் ஓமந்தைக்குத் தெற்கேயும், மாகோ வரையுள்ள பழைய பாதை இந்தியக் கடனிலேயே புதுப்பிக்கப்பட்டது. அதுவும் நன்றே. ஆயினும் ஒன்றை நாம் மனங்கொள்ளல் வேண்டும். இக்கடன்களைத் திருப்பிச் செலுத்துபவர் முதல் வகுப்பிற் பயணஞ் செய்வோர் மட்டுமல்லர். அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் வாங்கும் ஒவ்வொருவரும் அதனைச் செலுத்துகின்றனர். கொழுந்து பறிக்கும் பெண்ணும் செலுத்துகிறாள். செலுத்துபவள் ஏறுவதற்கு வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்பது தேசத்துரோகமன்று, கணக்குக் கேட்பதாகும். ஒரு நிலையத்தின் சிறப்பை அதன் முகப்பைக் கொண்டு அளப்பது அதிகாரிகளின் முறை. அங்கு எத்தனை வண்டிகள் நிற்கின்றன, நிலையத்திலிருந்து குடிமனைக்கு எத்தனை பஸ்கள் செல்கின்றன, மூன்றாம் வகுப்புச் சீட்டுக்காரிக்கு அமர ஒரு வாங்கும் ஒரு கழிப்பறையும் உண்டா என்று அளப்பதே மக்களின் முறை.

இவ்வினா இன்று நம் வாசலுக்கே வந்துவிட்டது. கண்டி நிலையத்தை அடுத்து, பஸ்ஸையும் புகையிரதத்தையும் இணைக்கும் பெருமுனையம் ஒன்றை உலக வங்கிக் கடனில் அமைக்கும் பணி தொடங்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியோ மலைகளைச் சரித்து, மலையகப் பாதையைப் பலவிடங்களிற் சிதைத்தது. சரிந்த மண்ணின் கீழ்த் தண்டவாளம் மட்டும் புதையவில்லை; மனிதரும் வீடுகளும் புதைந்தனர். பாதையை மீளக் கட்டியே ஆகவேண்டும். சுற்றுலாப் பயணிகள் சன்னலோரம் நின்று படமெடுக்கும் வண்டிக்காக அதனைக் கட்டுவார்கள்; அதில் நமக்கு ஐயமில்லை. தோட்டத்துச் சிறு தரிப்பிடங்களும் அதே அக்கறையோடு எழுமா என்பதில்தான் ஐயம்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊர் நிலையத்துக்கு ஒரு நாள் செல்லுங்கள். அங்கே நிற்கும் வண்டிகளையும் நில்லாமற் போகும் வண்டிகளையும் எண்ணுங்கள். காத்திருப்போர் எங்கிருந்து நடந்து வந்தனர் என்று கேளுங்கள். அருகிலுள்ள கடவையில் நின்று, வண்டி கண்ணிற்பட்டுக் கடக்கும் வரையுள்ள நொடிகளை அளவுங்கள். அக்கணக்கை எழுதி ஊர்ப் பொதுமக்களின் கையொப்பத்தோடு அதிகாரிகளுக்கு அனுப்புங்கள். நூற்றைம்பது ஆண்டுகளாக இம்மக்களை எண்ணியவர்கள் பிறரே. இனி எண்ணுங்கோல் நம் கைக்கு வரட்டும்.