கரிசல் பூமியில் காமிரா

தமிழ்நாட்டில் பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்று கேட்டால், சிலர் குற்றாலம் என்பார்கள். சிலர் கொடைக்கானல் என்பார்கள். பக்தி உள்ளவர்கள் ராமேசுவரம் என்பார்கள். "அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் அவசியம் போய்வாருங்கள்" என்று சொன்னவரை நான் இதுவரையில் சந்தித்ததில்லை. அங்கே அருவி இல்லை. மலைவாசத்தின் குளிர்ச்சி இல்லை. சித்திரை மாதத்தில் நிழல்கூட இல்லை என்றே சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட சீமைக்கு, அந்தச் சித்திரை மாதத்திலேயே, சினிமாப் படம் பிடிப்பதற்கென்று ஏழு மாணவர்கள் புறப்பட்டார்கள். மதுரையில் ஒரு கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அவர்கள். பரீட்சைக்காகச் சிறு படம் ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். அவர்களுடைய வற்புறுத்தலுக்கு இணங்கி நானும் உடன் சென்றேன்.

மதுரையிலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் பிரயாணம். அருப்புக்கோட்டையை நெருங்க நெருங்க மண்ணின் நிறம் கறுத்துக்கொண்டே வருகிறது. இதுதான் கரிசல். வைகையும் காவேரியும் எட்டிப் பாராத இந்தப் பூமியில் கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் வானத்தை நம்பியே விளைகின்றன. முன்னே ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1985-ஆம் வருஷத்திலிருந்து விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட தனி ஜில்லாவில் இருக்கிறது. அருப்புக்கோட்டை, கைத்தறிச் சேலைக்குப் பேர்போன ஊர். மல்லிகை அரும்பு விளைந்தபடியால் அரும்புக்கோட்டை என்று பெயர் வந்ததாக ஊரார் சொல்வதுண்டு.

பிரளயத்தை விழுங்கிய ஊர்

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் இருக்கிறது திருச்சுழி. சுந்தரமூர்த்தி நாயனார் பதிகம் பாடிய ஸ்தலம். சுவாமிக்குத் திருமேனிநாதர் என்றும், அம்மனுக்குத் துணைமாலையம்மை என்றும் திருநாமம். பகவான் ரமண மகரிஷி 1879-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி அவதரித்ததும் இந்த ஊரிலேதான். உலகத்தின் நானா திசைகளிலிருந்தும் அன்பர்கள் அவர் பிறந்த வீட்டைத் தேடி வருகிறார்கள்.

பிரளய வெள்ளம் பொங்கி வந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியில் ஒரு சுழியை உண்டாக்கி, அவ்வளவு நீரையும் அதற்குள் அனுப்பிவிட்டார் என்பது ஸ்தல புராணம். கோடையில் குண்டாற்று மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுக்கிற ஊருக்கு வெள்ளத்தைப் பற்றிய புராணம்! "அன்றைக்கு எல்லாத் தண்ணீரையும் விழுங்கிவிட்டதனால்தான் இன்றைக்கு இல்லை போலிருக்கிறது" என்றான் கூட வந்த பையன் ஒருவன்.

தாடி போன கதை

பிள்ளைகள் எழுதியிருந்த கதை இதுதான். மழைக்காகக் காத்திருக்கும் ஒரு சம்சாரி, மாடுகளுக்காக ஆற்றில் ஊற்றுத் தோண்டுகிறார். கடைசியில், வெடித்துக் கிடக்கும் கண்மாய்க்குள் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார். அத்துடன் படம் முடிகிறது. படத்தை இயக்கியவள் ஒரு பெண். நடித்தவரோ திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நிஜமாகவே சம்சாரியாக இருக்கும் பெரியவர். அவருடைய வெண்தாடியைப் பார்த்ததுமே இவர்தான் கதாநாயகர் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

முதல் இரண்டு நாட்களில் வெயில் பாடம் நடத்தியது. உச்சிவேளையில் சூரியன் தலைக்கு நேரே நிற்பதால், மனித முகத்தில் கண் இருக்குமிடம் இரண்டு கறுப்புக் குழிகளாகத் தெரிகிறது. ஆகையால் காலை 9 மணிக்குள்ளும், மாலை 4 மணிக்குப் பிறகுமே வேலை. வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் விழச் செய்ய, அருப்புக்கோட்டையில் வாங்கிய நாலு முழ வேட்டியை இருவர் விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். சீமைக் கருவேல முள் மூன்று பேருடைய செருப்புகளைத் துளைத்தது.

மூன்றாம் நாள் காலையில் பெரியவர் வந்தார். தலையிலும் முகத்திலும் ஒரு மயிர் இல்லை! முதல் நாள் மாலையே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பேரனுடன் தாமும் முடி காணிக்கை கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"என்ன தாத்தா, இப்படிச் செஞ்சிட்டீங்களே!" என்று அந்தப் பெண் அழமாட்டாக் குறையாகக் கேட்டாள்.

"நேர்த்திக்கடன் தாயி. ஒங்க படத்துக்காக ஆத்தாவைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?" என்றார் பெரியவர்.

அரை மணி நேரம் யோசித்துவிட்டு அவள் கதையையே மாற்றினாள். மழை வேண்டிச் சம்சாரி முடி காணிக்கை கொடுக்கிறார் என்று ஒரு கட்டம் சேர்ந்தது. உள்ளூர் நாவிதர் அதில் கத்தியைத் தீட்டி நடித்தார்.

வானம் செய்த காரியம்

கண்மாய்க் காட்சியைக் கடைசிக்கென்று வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் பிற்பகல் புழுதிக்காற்று எழுந்தது; மேற்கே வானம் இருண்டது; ஒரு மணி நேரம் கோடைமழை கொட்டித் தீர்த்தது. காமிராவைப் போர்த்துவதற்கு அதே வேட்டிதான் உதவிற்று. மறுநாள் போய்ப் பார்த்தால், கரிசல் மண் நீரைக் குடித்து உப்பியதில் கண்மாயின் வெடிப்புகள் பாதிக்குமேல் மூடிக்கொண்டிருந்தன. வேனின் சக்கரமோ சேற்றில் புதைந்து நகர மறுத்தது. காமிராவுக்கு வாடகை நாள் முடிகிறது. சேர்த்து வைத்த பணமும் முடிகிறது.

"இந்த மழை இன்னும் நாலு நாள் பொறுத்து வரக் கூடாதா!" என்று ஒரு பையன் சலித்துக்கொண்டான்.

பெரியவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, மழையை வையாதீக. இந்த ஈரத்துல ஒரு உழவு போட்டாத்தான் ஐப்பசி வெதப்புக்கு மண்ணு தோதாகும். ஒங்களுக்கு அது படம், எங்களுக்குச் சோறு" என்றார்.

யாரும் பதில் பேசவில்லை. வறட்சியைக் கண்டு இரங்க வந்தவர்கள் வறட்சி போய்விட்டதே என்று வருந்தினால், அந்த இரக்கத்தின் மதிப்பு என்ன?

அன்றிரவு அவர்களுக்கு ஒரு வங்காளிக் கதையைச் சொன்னேன். 1952-ஆம் வருஷத்தில் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை ஆரம்பித்தபோது, அவருடைய காமிராக்காரரான சுப்ரத மித்ரா அதற்குமுன் சினிமாக் காமிராவை இயக்கியவரே அல்ல. நாணற்பூக் காட்டில் ஒரு நாள் படம் எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பிப் போனால், மாடுகள் அவ்வளவு பூவையும் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூப்பதற்காக ஒரு வருஷம் காத்திருந்தார்கள். பணமில்லாமல் மனைவியின் நகைகளை அடகு வைத்தார் ராய். 1955-இல் வெளிவந்த அந்தப் படம் பாரத நாட்டின் பெயரை உலகமெல்லாம் பரப்பிற்று. நம் சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற பிள்ளைகள் 1986-இல் 'ஊமை விழிகள்' எடுத்து வெற்றி கண்டதையும் சொன்னேன்.

கேட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள். காலையில் அந்தப் பெண், "நாங்கள் காத்திருக்கப் போகிறோம். உழவைப் பிடிக்கப் போகிறோம்" என்றாள். வாடகைக்காரர் இரண்டு நாள் தவணை கொடுத்தார். கிராமத்துத் தாய்மார்கள் கம்மங்கூழும் மோர்மிளகாயும் கொடுத்தார்கள்; காசு வாங்க மறுத்தார்கள். மண் பதத்துக்கு வந்ததும் டிராக்டர் இறங்கியது. மழித்த தலையுடன் பெரியவர் உழுத நிலத்தில் வெறுங்காலோடு நடந்து, ஒரு கட்டியை எடுத்து உடைத்து, உள்ளே ஈரம் எவ்வளவு ஆழம் என்று பார்த்தார். அவர் நடிக்கவேயில்லை. அதுவே கடைசிக் காட்சியாயிற்று.

நம் டாக்கிகளில் இந்தச் சீமை தலைகாட்டும்போதெல்லாம் அரிவாளும் பழிவாங்கலும் கூடவே வருகின்றன. வெயிலையும் மண்ணையும் உள்ளபடி காட்டினால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மதுரை மேலூர்ப் பக்கத்து வறண்ட பூமியில் வினோத்ராஜ் எடுத்த 'கூழாங்கல்', 2021-இல் ராட்டர்டாம் படவிழாவின் முதற் பரிசைப் பெற்றது. சொந்த நாட்டைப் பார்க்க நமக்கு வேண்டியது கண்ணும் பொறுமையும்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காமிராவும் கையுமாகக் கிளம்பினால் தடுக்காதீர்கள். கெட்டியான செருப்பு ஒரு ஜோடி மட்டும் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள்.

படத்தின் நீளம் 18 நிமிஷம். கிராமத்துச் சாவடியில் வேட்டியைக் கட்டித் திரையாக்கிக் காட்டினார்கள். பெரியவர் இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தம்முடைய அபிப்பிராயத்தைச் சொன்னார்: "எல்லாம் சரிதான் தாயி. மாடு தண்ணி குடிக்கிறதை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம்."